ஒட்டிவைத்த பக்கங்கள்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் நலம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் பாதிச் சிரிப்பும் பாதிக் கோபமுமாக நீ கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் பதிலே அல்ல என்பது பேசி முடித்த அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. குழந்தைக்கு நீ வாங்கிக் கொடுத்த சிவப்புத் தொப்பிச் சிறுமி கதையின் வண்ணப்பட நூலில் ஓநாய் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு காட்டுக்குள் ஓடிவிடுகிறது என்றும், அதைக் கேட்ட குழந்தை "அது இப்போது எங்கே இருக்கிறது?" என்று கேட்டுவிட்டு ஒரு வாரமாக இரவில் தனியாக அடுத்த அறைக்குப் போக மறுக்கிறாள் என்றும் சொன்னாய். சரி, பழைய கதையையே படித்துக் காட்டிவிடலாம் என்று கிரிம் கதைகளின் முழுத் தொகுப்பை வாங்கிப் பிரித்தால், சிறுமி ஒருத்தி ஒரு கிழவியை எரியும் அடுப்புக்குள் தள்ளிக் கதவைத் தாழிடும் பக்கம் கண்ணில் பட்டதாகவும், உடனே நூலை மூடி அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டதாகவும் சொன்னாய். "இதையெல்லாமா அப்பா எனக்குப் படித்துக் காட்டினீர்கள்? அப்போது எனக்கு ஆறு வயது!" என்று கேட்டாய். "அந்தக் காலத்தில் எல்லாரும்தான் படித்தார்கள்" என்று நான் மழுப்பினேன். மழுப்பியது மனத்தில் உறுத்திக்கொண்டே இருந்ததால் மறுநாள் பரணில் ஏறி அந்தப் பழைய நூலைத் தேடி எடுத்தேன். அதில் கண்ட ஒன்றைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆனால் அதற்கு முன்னால் சிலவற்றைச் சொல்லவேண்டியிருக்கிறது.

முதலில், நான் உனக்கு எல்லாவற்றையும் படித்துக் காட்டவில்லை. நம்மிடம் இருந்தது ஆங்கில நூல். நான் கண்ணால் ஆங்கிலத்தைப் படித்துக்கொண்டே வாயால் தமிழில் சொல்லிவந்தேன் என்பது உனக்கு நினைவிருக்கும். கண்ணுக்கும் வாய்க்கும் நடுவில் இருந்த அந்தச் சிறிய இடைவெளியில் நான் எத்தனையோ வேலைகளைச் செய்துகொண்டேன். ஸ்னோ ஒயிட் கதையில் அரசி, வேடன் கொண்டுவந்த ஈரலையும் நுரையீரலையும் அந்தப் பெண்ணுடையவை என்று எண்ணி உப்பிட்டுச் சமைக்கச் சொல்லித் தின்பதை விட்டுவிட்டேன். இறுதியில் பழுக்கக் காய்ச்சிய இரும்புச் செருப்புகளை அணிந்து செத்து விழும்வரை அவள் ஆடவேண்டியிருந்ததையும் விட்டுவிட்டு, "அவள் ஊரை விட்டே போய்விட்டாள்" என்றேன். சிண்டரெல்லாவின் அக்காமார் செருப்புக்குள் கால் நுழையவேண்டும் என்பதற்காக ஒருத்தி கட்டைவிரலையும் மற்றவள் குதிகாலையும் வெட்டிக்கொண்டதையும், திருமணத்தன்று புறாக்கள் அவர்களுடைய கண்களைக் கொத்தியதையும் நான் உன் காதில் போடவே இல்லை. அடுப்பை மட்டும் விட முடியவில்லை. அதை எடுத்துவிட்டால் கதையே நிற்காது.

இப்படி வெட்டுவதில் நான் முன்னோடி அல்லன். அந்தக் கதைகளைத் தொகுத்த ஜெர்மானியரான கிரிம் சகோதரர்களே இந்த வேலையை என்னைவிடப் பல ஆண்டுகள் பொறுமையாகச் செய்தவர்கள்தாம். யாக்கோபும் வில்ஹெல்மும் முதல் தொகுதியை 1812-ல் வெளியிட்டபோது அதை ஓர் ஆய்வு நூலாகவே கருதினார்கள். அதில் படங்கள் இல்லை, குறிப்புகள் இருந்தன. இது குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்று நண்பர் ஆர்னிம் குறைப்பட்டுக்கொண்டபோது, குழந்தைகளுக்காக எழுதப்பட்ட நூலே அல்ல என்றுதான் யாக்கோப் பதில் எழுதினார். ஆனால் வாங்கியவர்கள் குழந்தைகளுக்குப் படித்துக் காட்டவே வாங்கினார்கள். ஆகவே 1857 வரை வந்த ஏழு பதிப்புகளிலும் கதைகள் மெல்ல மெல்ல மாறிக்கொண்டே வந்தன. அந்த மாற்றங்களில் பெரும்பாலானவை வில்ஹெல்மின் கைவேலை.

அவர் எதை மாற்றினார், எதைத் தொடாமல் விட்டார் என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். முதல் பதிப்பில் கோபுரத்தில் அடைபட்ட ரபுன்ஸல், "என் உடைகள் ஏன் இவ்வளவு இறுக்கமாகிவிட்டன?" என்று தன்னை வளர்ப்பவளிடம் வெகுளியாகக் கேட்பாள். இளவரசன் வந்துபோனது அந்தக் கேள்வியால்தான் வெளிப்படும். அது பின்னால் நீக்கப்பட்டது. பிள்ளைகள் பன்றியறுக்கும் விளையாட்டு விளையாடி ஒருவன் மற்றவனைக் கொன்றுவிடும் கதை ஒன்று 1812-ல் இருந்தது. 1819-ல் அதுவும் காணாமற்போயிற்று. ஆனால் புறாக்கள் கண்களைக் கொத்தும் காட்சி அதே 1819-ல் புதிதாகச் சேர்க்கப்பட்டது! ஒரு பெண் கருவுற்றாள் என்ற குறிப்பு அவருக்குக் கூச்சமாக இருந்திருக்கிறது, கண் பறிபோவது கூச்சமாக இல்லை. தண்டனை என்றால் எவ்வளவு கொடூரமும் பிள்ளைகளுக்கு ஆகும் என்று அந்தக் காலம் நம்பியிருக்கவேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட என்னை நெடுநேரம் யோசிக்க வைத்த மாற்றம் வேறொன்று. ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொன்னவள் முதல் பதிப்பில் மாற்றாந்தாய் அல்லள், பெற்ற தாய். 1819-ல்தான் அவள் மாற்றாந்தாய் ஆக்கப்பட்டாள். அந்த அடுப்புக் கதையில் வரும் அண்ணன் தங்கையான ஹான்சலையும் கிரேட்டலையும் காட்டில் விட்டுவரச் சொன்னவளும் முதலில் பெற்றவளே. 1840-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் அவளும் மாற்றாந்தாய் ஆனாள். தாயின் பெயர் கெடக்கூடாது என்ற நல்லெண்ணத்தில் செய்திருக்கிறார்கள். இதனால் உலகிலுள்ள நல்ல சிற்றன்னையர் அத்தனை பேரும் சுமந்த பழி எவ்வளவு என்பதை யாரும் கணக்கெடுக்கவில்லை. அது இருக்கட்டும். அந்தக் கதையில் தந்தை மாறவே இல்லை என்பதைக் கவனித்தாயா? எல்லாப் பதிப்புகளிலும் அவர் பெற்ற தந்தைதான். எல்லாப் பதிப்புகளிலும் முதலில் மறுக்கிறார், பிறகு வாதாட முடியாமல் சரி என்கிறார், வருந்துகிறார், விடிந்ததும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு புறப்படுகிறார்.

ஆறு வயதில் இந்தக் கதையைக் கேட்டபோது நீ என்னிடம் கேட்டது சூனியக்காரியைப் பற்றி அல்ல. அவளுடைய அடுப்பைப் பற்றியும் அல்ல. "அந்த அப்பா ஏன் சரி என்று சொன்னார்?" என்றுதான் கேட்டாய். அவர்களிடம் சாப்பிட ஒன்றும் இல்லை என்றேன். "இல்லையென்றால் எல்லாரும் சேர்ந்து போகலாமே" என்றாய். நேரமாகிவிட்டது, தூங்கு என்று விளக்கை அணைத்தேன்.

அப்போது நம் வீட்டில் நிலைமை என்ன என்பது உனக்கு முழுவதும் தெரிந்திருக்காது. நான் பதினோரு ஆண்டுகள் வேலைபார்த்த நிறுவனம் ஒரே கடிதத்தில் எங்களில் பலரை வீட்டுக்கு அனுப்பியிருந்தது. கொடுக்கவேண்டிய தொகையையும் இழுத்தடித்தது. நீ தூங்கிவிட்டாய் என்று எண்ணி நானும் அம்மாவும் ஒவ்வோர் இரவும் அடுத்த அறையில் தாழ்ந்த குரலில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். அந்தக் கணக்கில் உன் பள்ளிக் கட்டணமும் வரும். எனவே உன் பெயரும் வரும். உன்னைக் கொஞ்ச நாள் அத்தை வீட்டில் விட்டுவைக்கலாமா என்றுகூட ஓரிரவு பேசினோம். அதே மாதத்தில்தான் நீ வேறு எந்தக் கதையையும் கேட்காமல் ஹான்சல் கதையையே மறுபடி மறுபடி சொல்லச் சொன்னாய். இந்தக் கதை மட்டும் இவளுக்கு ஏன் இவ்வளவு பிடித்துப்போயிற்று என்று நான் அலுத்துக்கொண்டதும் நினைவிருக்கிறது.

ஒருநாள் உன் பென்சில் சீவ வேண்டி உன்னுடைய தகரப் பென்சில் பெட்டியைத் திறந்தேன். பென்சில் ஒன்றே ஒன்று, மீதி இடமெல்லாம் கூழாங்கற்கள். கழுவித் துடைத்தவை போலப் பளபளப்பாக, வெள்ளையாகப் பார்த்துப் பொறுக்கியவை. எண்ணிப் பார்த்தேன், பதினான்கு இருந்தன. கல் பொறுக்கி விளையாடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, பெட்டி கீறிப்போகுமே என்ற ஒரே கவலையில் அத்தனையையும் எடுத்து வாசலில் கொட்டிவிட்டேன். அன்றிரவு நீ ஒன்றும் கேட்கவில்லை. பெட்டியைத் திறந்து பார்த்தாய், மூடினாய், படுத்துக்கொண்டாய். அடுத்த முறை கதை சொல்லும்போது, பெரியவர்கள் பேசுவதைப் பசியால் தூக்கம் வராத இரண்டு குழந்தைகள் கேட்டுக்கொண்டு படுத்திருப்பதையும், பையன் ஓசையில்லாமல் எழுந்துபோய் நிலவொளியில் வெள்ளிக்காசு போல மின்னும் வெள்ளைக் கற்களைச் சட்டைப்பை நிறைய அள்ளிக்கொள்வதையும் என் வாயாலேயே சொல்லிக்கொண்டு வந்தபோதுதான் என் நெஞ்சில் அடி விழுந்தது. வாசலுக்குப் போய் விளக்கை எடுத்துக்கொண்டு தேடினேன். எல்லாக் கற்களோடும் கலந்துபோயிருந்தன. உன்னிடம் அன்றும் பேசவில்லை, மறுநாளும் பேசவில்லை. புது வேலை கிடைத்தது, பேச்சு எழாமலே போய்விட்டது. நீ கேட்ட கேள்விக்கு நான் எழுதவேண்டிய பதிலின் பாதி இதுதான். அந்தக் கதை உன்னைப் பயமுறுத்தியதா என்றால், இல்லை. பயம் வீட்டில் முன்பே இருந்தது. எங்கள் இருவருக்கும் சொல்ல வாய் வராததை அந்தக் கதை உன்னிடம் சொன்னது, அதோடு வழியும் ஒன்று காட்டியது. அந்த வழியைத்தான் நான் வாசலில் கொட்டினேன்.

எல்லாருக்கும் எல்லாக் கதையும் ஒரே மாதிரி படுவதில்லை என்பதையும் இங்கே சொல்லவேண்டும். உன் அத்தைக்குச் சிறுவயதில் மிகவும் பிடித்த இடம் எது தெரியுமா? அந்தக் காய்ச்சிய இரும்புச் செருப்புதான். "ஆடட்டும், நன்றாக ஆடட்டும்" என்று கைகொட்டுவாள். வளர்ந்த பிறகு அவளைப்போல இளகிய மனத்தினரை நான் கண்டதில்லை. அம்மாவுக்கு கிரிம் கதைகளில் எதுவும் பயமாக இல்லை, ஆனால் டென்மார்க்குக்காரர் ஆண்டர்சன் 1837-ல் எழுதிய கடற்கன்னிக் கதையை மட்டும் இன்றுவரை மன்னிக்க மாட்டாள். வால் போய்க் கால் வந்த பின் அந்தப் பெண் எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியும் கத்தி முனையில் நடப்பது போல இருக்கும், அவள் நாக்கும் போய்விட்டது, இளவரசன் வேறொருத்தியை மணக்கிறான், கடைசியில் அவள் கடல் நுரையாகிறாள். அதற்குப் பிறகு காற்றின் மக்கள் அவளைச் சேர்த்துக்கொள்வதாக வரும் ஆறுதல் அம்மாவிடம் எடுபடவில்லை. "இதைப் படித்து நான் மூன்று நாள் அழுதேன், எழுதினவர் அழுதாரா?" என்று கேட்டவள் அவள்.

அம்மா சொல்வதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஆண்டர்சன் ஓர் எழுத்தாளர். வலியை உணர்த்தத் தெரிந்தவர். 1845-ல் எழுதிய சிவப்புச் செருப்புக் கதையில் ஆட்டம் நிற்காத கால்களை வெட்டியெறிந்த பிறகும் அந்தக் கால்கள் செருப்போடு ஆடிக்கொண்டே போகும். படிப்பவருக்குத் தன் கணுக்கால் வலிக்கும். வாய்வழிக் கதைகள் அப்படி அல்ல. கைகளை இழந்த பெண்ணின் கதையை எடுத்துக்கொள். தன் ஆலைக்குப் பின்னால் நிற்பதைத் தருகிறேன் என்று, ஆப்பிள் மரத்தை மனத்தில் வைத்துச் சாத்தானுக்கு வாக்குக் கொடுக்கிறான் ஓர் ஆலைக்காரன். அங்கே நின்றிருந்தவள் அவன் மகள். அவள் கைகளை வெட்டு, இல்லையேல் உன்னைக் கொண்டுபோவேன் என்கிறான் சாத்தான். தகப்பன் மகளிடமே வந்து கேட்கிறான். நான் உங்கள் பிள்ளை, விரும்பியதைச் செய்யுங்கள் என்று அவள் இரண்டு கைகளையும் நீட்டி வைக்கிறாள். வெட்டப்படுகின்றன. அந்த இடத்தில் ரத்தத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஒரு வாக்கியம், அவ்வளவுதான், கதை நகர்ந்துவிடும். இந்தக் கதைமாந்தருக்கு ஆழமும் கிடையாது, உடம்பும் கிடையாது, காகிதத்தில் வெட்டிய உருவங்களைப் போலத் தட்டையாக இருக்கிறார்கள் என்று 1947-ல் சுவிட்சர்லாந்து அறிஞர் மாக்ஸ் லூத்தி விரிவாக எழுதினார். குழந்தையால் இந்தக் கொடூரங்களைத் தாங்கமுடிவது இதனால்தான் என்று நான் நினைக்கிறேன். அச்சில் இருக்கும் அந்த ஒற்றை வாக்கியத்துக்குப் படம் வரைந்து, ஒலி சேர்த்து, திரையில் காட்டினால் அது வேறு பொருளாகிவிடும். வளர்ந்தவர்கள் அதைப் படிக்கும்போது அந்தத் திரையைத் தம் மனத்துக்குள் தாமே விரித்துக்கொள்கிறார்கள். அடுப்பைக் கண்டு நீ நூலை மூடியதற்கும் காரணம் அதுவாகவே இருக்கவேண்டும். ஆறு வயதில் அடுப்பு உனக்கு ஓர் அடுப்பு. இப்போது அதற்குள் நிற்கக்கூடிய ஓர் உடம்பை நீ பெற்று வளர்க்கிறாய்.

எனக்கும் அப்படித்தான் ஆயிற்று. சிறுவனாக இருந்தபோது கைகளை இழந்த அந்தப் பெண்ணின் கதையில் எனக்குப் பிடித்தது கைகள் மறுபடி வளரும் இடம். இப்போது படித்தால் நான் நிற்பது ஒரே ஒரு வரியில்தான். செல்வம் வந்துவிட்டது, வாழ்நாள் முழுவதும் உன்னைச் சீராட்டி வைத்துக்கொள்கிறேன் என்று தகப்பன் சொல்ல, இங்கே என்னால் இருக்க முடியாது என்று அந்தப் பெண் கிளம்பிப்போகிறாள். குறை சொல்லவில்லை, சபிக்கவில்லை, கிளம்புகிறாள்.

என் பாட்டி எனக்குச் சொன்ன கதையில் சூனியக்காரி இல்லை, காடு இல்லை, இளவரசனும் இல்லை. நல்லதங்காள் கதைதான். பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டை நம்பி வந்தவளை, அண்ணன் இல்லாத நேரத்தில் அண்ணி மூளி அலங்காரி படுத்திய பாடும், அதன்பின் அந்தத் தாய் பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கிணற்றில் தள்ளியதும் உனக்குத் தெரியும். மூத்தவன் மட்டும் என்னை விட்டுவிடம்மா என்று கெஞ்சி ஓடுவான். பாட்டி அந்த இடத்துக்கு வரும்போது குரல் உடைந்துவிடும். நான் காதைப் பொத்திக்கொள்வேன், ஆனால் விரல்களுக்கு நடுவில் இடம் விட்டுத்தான் பொத்துவேன். கிரிம் சகோதரர்கள் தாயை மாற்றாந்தாயாக்கித் தப்பித்துக்கொண்டார்கள். பாட்டிக்கு அப்படி ஒரு தப்பும் வழி இல்லை. பெற்றவளேதான் தள்ளுகிறாள், பாசம் இல்லாமல் அல்ல. அந்தக் கதை எனக்குக் கெடுதல் செய்ததா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். கிணற்றை எட்டிப்பார்க்க நெடுநாள் பயந்தேன் என்பது உண்மை. பாட்டியின் மடியில் இருந்துகொண்டு அதைக் கேட்டேன் என்பதும் உண்மை. அவள் அழுதாள், நானும் அழுதேன், பிறகு தூங்கிவிட்டேன். நான் உனக்குக் கதை சொன்னபோது என் குரல் ஒருநாளும் உடைந்ததில்லை. உடைந்துவிடக் கூடிய இடங்களை முன்கூட்டியே எடுத்துவிட்டேன் அல்லவா?

இனி அந்த நூலுக்கு வருகிறேன்.

உனக்கு எட்டு வயதாகி, எழுத்துக் கூட்டி ஆங்கிலம் படிக்கத் தொடங்கியபோது என் தந்திரம் செல்லாது என்று எனக்குப் புரிந்தது. மற்றக் கதைகளைப் படித்தால் படித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். ஒன்றை மட்டும் விட மனம் வரவில்லை, ஜூனிப்பர் மரத்தின் கதை. அதை உனக்கு நான் சொன்ன விதமே வேறு. ஒரு பையன் இருந்தான், மந்திரத்தால் பறவையாகிப் பாடித் திரிந்தான், மறுபடி பையனாகிவிட்டான், முடிந்தது. "யார் மந்திரம் போட்டார்கள்?" என்று கேட்டாய். தெரியாது என்றேன். "அந்தத் தங்கை எதற்கு அழுகிறாள்?" என்று கேட்டாய். அண்ணனைக் காணவில்லை அல்லவா என்றேன். உன் முகத்தில் நம்பிக்கை இல்லை.

நடந்தது என்னவென்று இப்போது நீ படித்திருப்பாய். ஆப்பிள் எடுக்கப் பெட்டிக்குள் குனிந்த பையனின் தலையில் மாற்றாந்தாய் மூடியை அறைந்து மூடுகிறாள். தலை துண்டாகி ஆப்பிள்களுக்கு நடுவில் விழுகிறது. பயந்துபோனவள் தலையைக் கழுத்தில் பொருத்தி வெள்ளைத் துணியால் கட்டி, கையில் ஓர் ஆப்பிளைக் கொடுத்து வாசலருகே உட்காரவைக்கிறாள். தங்கை மார்லீன் வந்து ஆப்பிளைக் கேட்கிறாள். அவன் பேசவில்லை. அம்மாவிடம் சொல்ல, மறுபடி கேள், பேசாவிட்டால் காதோடு ஒன்று வை என்கிறாள். அவள் அடிக்கிறாள், தலை உருண்டு விழுகிறது. தான்தான் கொன்றுவிட்டோம் என்று அந்தச் சிறுமி நம்பிவிடுகிறாள். தாய் அவனைச் சமைத்துத் தகப்பனுக்குப் பரிமாறுகிறாள், அவர் அறியாமல் தின்கிறார். மார்லீன் மேசைக்கடியில் கிடந்த எலும்புகளைத் தன்னிடமிருந்த மிக நல்ல பட்டுத்துணியில் பொறுக்கிக் கட்டி மரத்தடியில் வைக்கிறாள். மரத்திலிருந்து பறவை எழுகிறது. அது ஊரெல்லாம் பாடுகிறது, தாய் கொன்றாள், தந்தை தின்றார், தங்கை எலும்புகளைச் சேர்த்தாள் என்று.

அந்தக் கதையின் பக்கங்களைப் பசை தடவி ஓரத்தோடு ஓரம் ஒட்டினேன். அச்சகத்தில் நேர்ந்த பிழை போலத் தோன்றட்டும் என்று ஒட்டியதை அழுத்தி, மேலே ஓர் அகராதியையும் வைத்தேன். அந்த நூலை அதன்பின் நான் திறக்கவில்லை.

இந்தத் திங்கட்கிழமை பரணிலிருந்து எடுத்துத் தூசி தட்டிப் பார்த்தால், ஒட்டிய பக்கங்கள் பிரிந்திருக்கின்றன. கிழித்துப் பிரித்தது அல்ல. அளவுகோலின் விளிம்பை உள்ளே விட்டு, ஒரு விரற்கடை ஒரு விரற்கடையாக, நாள்கணக்கில் பிரித்திருக்கவேண்டும். ஓரிரண்டு இடங்களில் காகிதத்தின் மேல்தோல் உரிந்து எதிர்ப்பக்கத்தில் எழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பது போலத் தலைமாறி ஒட்டியிருக்கின்றன. தலை உருண்டு மார்லீன் அலறும் பத்தியின் ஓரத்தில், பென்சிலால், நீ நான்காம் வகுப்பில் எழுதிய அந்தப் பெரிய உருண்டைக் கையெழுத்தில், தமிழில், "இவள் செய்யவில்லை" என்று எழுதியிருக்கிறது. எழுதியதை அழித்துவிட்டு, அதே இடத்தில் மறுபடி இன்னும் அழுத்தி எழுதியிருக்கிறாய்.

நான் அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். உன்னிடமிருந்து ஒரு கொலையை மறைத்ததாகவே இத்தனை ஆண்டுகளும் எண்ணியிருந்தேன். வீட்டில் நடந்த கெட்ட காரியத்துக்குத் தானே காரணம் என்று நம்பி அழும் ஒரு சிறுமியையும் அதோடு சேர்த்து மறைத்திருக்கிறேன். நம் வீட்டுக் கணக்கில் உன் பெயரை நீ கேட்டாய். அது உன்னால் வந்த கஷ்டம் அல்ல என்று நான் உன்னிடம் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. மார்லீனுக்கு அதை நீ சொல்லியிருக்கிறாய். நான் மறைத்தவற்றில் கதையின் முடிவும் அடக்கம். பறவை மேலிருந்து போட்ட மாவரைக்கும் கல் விழுந்து தாய் சாகிறாள், புகையும் தீயும் எழுகின்றன, அவை அடங்கியதும் பையன் நிற்கிறான், தந்தையின் கையையும் தங்கையின் கையையும் பற்றிக்கொள்கிறான், மூவரும் உள்ளே போய்ச் சாப்பிட உட்காருகிறார்கள். மந்திரத்தால் பையனானான் என்று நான் சொன்னபோது அந்தச் சாப்பாட்டு மேசைக்கு ஒரு பொருளும் இருந்திருக்காது.

இதிலிருந்து எல்லாவற்றையும் படித்துக் காட்டிவிடு என்று நான் சொல்லவருவதாக எண்ணிவிடாதே. இந்தக் கதைகளில் குழந்தையின் மனம் தன் கோபத்தையும் அச்சத்தையும் கையாளப் பழகுகிறது என்று உளவியல் அறிஞர் புரூனோ பெட்டல்ஹைம் 1976-ல் ஒரு பெரிய நூல் எழுதினார். அந்தப் பொதுக்கருத்தை ஏற்கலாம், ஆனால் ஒவ்வொரு செருப்புக்கும் ஒவ்வொரு கோபுரத்துக்கும் அவர் கண்டுபிடிக்கும் உட்பொருள்கள் எனக்கு மிகையாகவே படுகின்றன. அதே கிரிம் தொகுப்பில் ஒரே பத்தியில் முடியும் ஒரு கதை இருக்கிறது. சொல்பேச்சுக் கேளாத குழந்தை நோயுற்று இறந்துபோகிறது. புதைத்த பிறகும் அதன் கை மண்ணை விட்டு வெளியே நீண்டுகொண்டே இருக்கிறது. கடைசியில் தாயே போய்ப் பிரம்பால் அந்தக் கையை அடிக்கிறாள், கை உள்ளே போய்விடுகிறது. இதில் குழந்தைக்குக் கற்களும் இல்லை, பறவையும் இல்லை, திரும்பி வரும் வழியும் இல்லை. பெரியவர்களின் கையில் பிரம்பு மட்டும் இருக்கிறது. இதை நான் உனக்குச் சொன்னதில்லை, அதற்காக வருந்தவும் இல்லை. முட்புதருக்குள் யூதன் ஒருவனை ஆடவைத்துக் கடைசியில் தூக்கிலும் போட்டுச் சிரிக்கும் கதையும் அங்கே உண்டு. அந்தச் சிரிப்பு பின்னால் அந்த நாட்டில் எங்கே போய் முடிந்தது என்று நமக்குத் தெரியும். அதைக் குழந்தைக்குப் படிக்காதே, பெரியவளானதும் வரலாற்றோடு சேர்த்துப் படிக்கட்டும்.

ஓநாய் விஷயத்துக்கு மட்டும் ஒரு யோசனை சொல்கிறேன். பிரெஞ்சுக்காரர் பெரோ 1697-ல் அச்சிட்ட கதையில் ஓநாய் சிறுமியைத் தின்றுவிடுகிறது, அதோடு சரி, காப்பாற்ற யாரும் வருவதில்லை. கிரிம் கதையில் வேடன் வந்து அதன் வயிற்றைக் கத்தரிக்கோலால் வெட்டுகிறான், பாட்டியும் பேத்தியும் வெளியே வருகிறார்கள், வயிற்றில் கற்களை நிரப்புகிறார்கள், ஓநாய் எழுந்து ஓட முயன்று விழுந்து சாகிறது. உன் குழந்தைக்கு நீ வாங்கிய நூலில் ஓநாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. அது இன்னும் எங்கோ இருக்கிறது. அவள் கேட்ட கேள்வி நியாயமானது. அது செத்துப்போயிற்று என்று அவளிடம் சொல். கற்களின் கனம் தாங்காமல் விழுந்தது என்றும் சொல். கல் என்றதும் எவ்வளவு பெரியது, எத்தனை, எப்படித் தைத்தார்கள் என்று கேட்பாள். நீ கேட்டதுதானே எல்லாம்.

அந்த நூலை உனக்கு அனுப்பலாமா என்று யோசித்தேன். முதுகுத் தாள் விட்டுப்போயிருக்கிறது, தபாலில் தாங்காது. நீ அடுத்த முறை வரும்போது நேரில் தருகிறேன். அதற்கு முன் ஒன்று மட்டும் எனக்குத் தெரியவேண்டும். நாம் குடியிருந்த அந்தத் தெருவில் வெள்ளைக் கூழாங்கல் எங்கும் கிடையாது. அந்தப் பதினான்கு கற்களையும் நீ எங்கிருந்து எடுத்தாய்?

அன்புடன்,
அப்பா